செந்த்-எலோடியில் ஒரு வெள்ளிக்கிழமை ரியூட்டரி

வெள்ளிக்கிழமையை வெட்டிவிட்டார்கள் என்ற செய்தியைக் கேட்டதும் ஆசிரியர் அறையில் இருந்த எல்லோரும் கை தட்டினார்கள், தாட்சாயினியைத் தவிர.

2008ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் அது. அந்தக் கோடையில் எண்ணெய் விலை ஏறிய ஏற்றத்தில், கனடாவில் மொன்றியலுக்கு வடக்கே ஒன்றேகால் மணி நேரக் கார் ஓட்டத்தில் இருக்கும் செந்த்-எலோடி கிராமத்தின் கல்விச் சபைக்கு மூச்சு முட்டிவிட்டது. பிள்ளைகள் பண்ணைக்கு ஒருவராய்ச் சிதறிக் கிடக்கிற இடம். ஒரு மஞ்சள் பஸ் ஒரு நாளில் ஓடுகிற தூரத்துக்கு யாழ்ப்பாணக் குடாநாட்டையே ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடலாம். ஆகவே விசேட அனுமதி எடுத்து, பரீட்சார்த்தமாக, பாடசாலை இனி வாரத்தில் நாலு நாள்தான் என்று தீர்மானித்தார்கள். திங்கள் முதல் வியாழன் வரை கொஞ்சம் நீட்டிய நாட்கள். வெள்ளிக்கிழமை பஸ் ஓடாது, ஹீட்டர் எரியாது, கதவு பூட்டு.

மற்ற ஆசிரியர்களுக்கு மூன்று நாள் ஓய்வு. தாட்சாயினி மட்டும் ஒரு துண்டுக் கடதாசியை எடுத்துக் கூட்டிப் பார்த்தாள். நாட்களை நீட்டியும் அவளுடைய பத்தாம் வகுப்புக் கணிதத்தில் வருடத்துக்கு முப்பத்தெட்டு மணித்தியாலம் குறைந்து போயிருந்தது. பாடத்திட்டத்தில் ஒரு வரிகூடக் குறையவில்லை. வருட முடிவில் வருகிற பரீட்சை மாகாணம் முழுவதற்கும் ஒன்றே.

கூட்டம் முடிந்ததும் அதிபர் அவளைத் தனியே கூப்பிட்டார். அதிபருக்கு ரோஸ்-மரி என்று பெயர். தாட்சாயினி வீட்டில் றோஸ்மேரி என்றே சொல்லுவாள். ஊரில் அந்தப் பெயரில் இரண்டு சிநேகிதிகள் இருந்ததால் நாக்கு அப்படியே பழகிவிட்டது. றோஸ்மேரி நல்ல மனுஷி, ஆனால் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். தாட்சாயினியிடம் இருப்பது தற்காலிக அனுமதி என்றும், இது அதன் கடைசி வருடம் என்றும், ஜூனில் வகுப்பின் பரீட்சைப் பெறுபேறு விழுந்தால் நிரந்தர அனுமதிக்குத் தன்னால் சிபாரிசுக் கையெழுத்துப் போட முடியாது என்றும் சொன்னார். கையெழுத்து இல்லையென்றால் அவள் இனி எந்த வகுப்பறைக்குள்ளும் ஆசிரியையாக நுழைய முடியாது.

அந்தக் கையெழுத்து அவளுக்கு என்ன என்பதைச் சொன்னால்தான் விளங்கும். கொக்குவிலில் எட்டு வருடம் கணிதம் படிப்பித்தவள் தாட்சாயினி. அகதியாக வந்து இறங்கிய பிறகு மொன்றியலில் பதினொரு வருடம் சபனெல் வீதித் தொழிற்சாலை ஒன்றில் குளிர்ச்சட்டைகளுக்கு ஸிப் தைத்தாள். ஒரு சட்டைக்கு ஒரு ஸிப், ஒரு நாளைக்கு எத்தனை என்பது மேற்பார்வையாளருக்குத்தான் தெரியும். வேலை முடிந்து பிரெஞ்சு வகுப்பு, பிரெஞ்சு பிடிபட்டதும் பல்கலைக்கழகத்தில் மாலை வகுப்பு என்று பிள்ளைத்தாய்ச்சியாகவும் படித்தாள், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டும் படித்தாள். படித்து முடித்துப் பத்திரம் கையில் வந்தபோது நகரத்துப் பாடசாலைகள் அவளைத் திரும்பியும் பார்க்கவில்லை. வேறு எவரும் போக மறுத்த செந்த்-எலோடிதான் வா என்றது. அங்கே ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை முதன்முதல் கையை உயர்த்தி "மதாம்" என்று கூப்பிட்ட அன்று, வகுப்பு முடிந்து காருக்குள் போயிருந்து அழுதவள் அவள். அது துக்கத்தில் அழுத அழுகை அல்ல.

செப்டெம்பர் எப்படியோ போனது. ஒக்டோபர் நடுவில் ஒரு சோதனை வைத்தாள். பத்தொன்பது பேரில் பதினொரு பேர் கோட்டை விட்டிருந்தார்கள். பிள்ளைகளில் பிழை சொல்ல முடியாது. விடிய ஐந்தரைக்கு மாட்டுக் கொட்டிலில் நின்றுவிட்டு வந்து, நீட்டிய நாளின் கடைசிப் பாடத்தில் இருபடிச் சமன்பாட்டைப் பார்த்தால் யாருக்குத்தான் கண் சொருகாது? வியாழன் பின்னேரம் புரிந்தது திங்கள் காலையில் துடைத்து வைத்த மாதிரிப் போயிருந்தது.

அன்று பின்னேரம் மொன்றியலில் அஹுன்ட்சிக் பகுதியிலுள்ள வீட்டுக்கு வந்ததும் கைப்பையைக்கூட வைக்காமல் கணவனிடம் சொன்னாள்.

"இஞ்சருங்கோ, நான் ரியூசன் தொடங்கப் போறன்."

அருளம்பலம் வெண்காயம் உரித்துக்கொண்டிருந்தான். பேக்கரியில் அதிகாலை வேலை அவனுக்கு. பின்னேரச் சமையல் அவன் பொறுப்பு.

"ஆருக்கு? எங்கட ஆக்களின்ர பிள்ளையளுக்கோ?"

"இல்லை. என்ர வகுப்புப் பிள்ளையளுக்கு. வெள்ளிக்கிழமை சும்மாதானே இருக்குதுகள். சம்பளம் ஒண்டும் வேண்டாம்."

"வெள்ளிக்கிழமை உமக்கும் லீவெல்லோ? வீட்டில ஒரு நாள் ஆறுதலா இரும் எண்டால், பனிக்குள்ள கார் ஓடிப் போய்ச் சும்மா படிப்பிக்கப் போறீரோ? உமக்கென்ன விசரே?"

"ஓம், விசர்தான்," என்றாள். அவன் அடுத்த வெண்காயத்தை எடுத்தான்.

யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு இந்த ஒரு விஷயத்தில் புத்தி ஒரே பாதையில்தான் ஓடும். பாடசாலை நடந்தாலும் ரியூசன், நடக்காவிட்டாலும் ரியூசன். ஊரடங்கு என்றால் ஊரடங்கு தளர்த்துகிற இரண்டு மணி நேரத்தில் ரியூசன். கடல் கடந்து வந்தும் அது விடவில்லை. தாட்சாயினியின் மகள் சாம்பவி தொண்ணூற்றுநாலு புள்ளி எடுக்கிறவள். அவளும் சனிக்கிழமை காலையில் தவறாமல் கோத்-தெ-நேஜ்ஜில் ஒரு நிலவறை வகுப்புக்குப் போய்வருகிறாள். போகாவிட்டால் பார்க்கிற சனம் பிள்ளைக்குச் சுகமில்லையோ என்று விசாரிக்கும்.

பெற்றோருக்குக் கடிதத்தைத் தாட்சாயினி சாப்பாட்டு மேசையில் வைத்து எழுதினாள். 'கணிதத்தில் உங்கள் பிள்ளைக்கு மேலதிக வகுப்பு அவசியம். வெள்ளிக்கிழமைகளில் காலை எட்டு மணிக்கு அனுப்பி வையுங்கள்.' சாம்பவி பிரெஞ்சைத் திருத்தினாள். பத்தொன்பது உறைகளிலும் பெயர் எழுதும்போது நோயெமி என்ற பெயரில் அவள் கை நின்றது.

"அம்மா, இவ தொண்ணூற்றிரண்டு எடுத்தவ எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். இவவுக்கு என்னத்துக்கு?"

"நல்ல கதை! வகுப்பில முதலாம் பிள்ளையை விட்டிட்டு ஒரு ரியூசனோ?"

பத்தொன்பது கடிதமும் போனது. தன் வாழ்க்கையிலேயே இவ்வளவு நல்ல எண்ணத்தோடு இவ்வளவு பெரிய பிழையை அவள் விட்டதில்லை.

செந்த்-எலோடியில் பாட நேரத்துக்கு வெளியே வகுப்பு என்றால் அது சறுக்கி விழுந்த பிள்ளையைத் தூக்கி நிறுத்துகிற வகுப்பு மட்டும்தான். வேறு அர்த்தம் கிடையாது. அப்படியான கடிதம் ஒரு வீட்டுக்கு வந்தாலே தலைகுனிவு. இப்போது வகுப்பிலுள்ள அத்தனை வீட்டுக்கும் வந்திருக்கிறது, அதுவும் மொன்றியலிலிருந்து வருகிற ஒருத்தி எழுதியது. உங்கள் ஊரில் ஒரு பிள்ளையும் தேறாது என்று கடிதம் போட்ட மாதிரி ஆகிவிட்டது.

திங்கட்கிழமை காலை அதிபர் அறையில் தொலைபேசி ஓயவில்லை. ஒன்பது மணிக்கு ஒருவர் நேரிலேயே வந்தார். முழங்கால் வரை றப்பர் பூட்ஸ், கையில் கடிதம். நோயெமியின் தகப்பன், அறுபது மாடு வைத்துப் பால் கறக்கிறவர். அவர் பெயர் பேர்னார். நம் சனத்திலும் அந்தப் பெயர் உண்டு, பேனாட் என்போம். தாட்சாயினிக்கும் அவர் அன்றிலிருந்து பேனாட்தான். அவர் சொன்னது பிரெஞ்சில். அவள் வீட்டில் வந்து சொன்ன தமிழிலேயே அதை இங்கே தரவேண்டியிருக்கிறது.

"தொண்ணூற்றிரண்டு எடுத்த பிள்ளைக்கு மேலதிக வகுப்பு அவசியமோ? என்ர மகள் மொக்கோ, இல்லாட்டி உங்களுக்குப் படிப்பிக்கத் தெரியாதோ? இரண்டில ஒண்டைச் சொல்லுங்கோ."

தாட்சாயினி விளக்கம் சொல்ல வாய் திறக்க முன்னமே அவர் பூட்ஸ் சத்தம் வெளியே போய்விட்டது. றோஸ்மேரி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"வியாழன் பின்னேரம் பெற்றோர் கூட்டம் கேட்டிருக்கினம். வாங்கோ. மன்னிப்புக் கேட்டு இதை முடியுங்கோ. இல்லாட்டி ஜூன் வரைக்கும் பாத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை."

வீட்டில் மன்னிப்பை எழுதிப் பார்த்தாள். நாலு வரி. அருளம்பலம் வாசித்துவிட்டு, "நல்லா இருக்கு, இதோட விடும். வேலை முக்கியம்," என்றான். அவன் சொன்னது நியாயம்தான். சபனெலில் அவள் விட்டுவந்த தொழிற்சாலைகூட அந்த வருடம் பூட்டுப்பட்டிருந்தது. திரும்பிப் போகத் தையல் மெசினும் இல்லை. கடதாசியை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

வியாழன் பின்னேரம் பாடசாலை ஜிம்மில் முப்பது பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். மாட்டு வாசமும் ஈரக் கம்பளி வாசமும் கலந்து நின்றது. தாட்சாயினி முன்னுக்குப் போய்க் கடதாசியை விரித்தாள். முதல் வரி வாசித்தாள். கடிதம் உங்களை நோகடித்ததற்கு மன்னியுங்கள். இரண்டாவது வரி, வகுப்பைக் கைவிடுகிறேன் என்பது. அதை வாசிக்கக் குரல் வரவில்லை. அவளுக்குக் கோபம் வந்தது. தன்மேல் கொஞ்சம், அந்த நாலு நாள் வாரத்தின்மேல் நிறைய. கடதாசியை மடித்து மேசையில் போட்டுவிட்டு, இலக்கணம் பார்க்காமல், யாழ்ப்பாணத்து உச்சரிப்பும் கியூபெக் உச்சரிப்பும் மல்லுக்கட்டுகிற பிரெஞ்சில் கதைக்கத் தொடங்கினாள்.

"எழுதின விதம் பிழை. அதுக்கு மன்னிப்புக் கேக்கிறன். வகுப்புக்குக் கேக்க மாட்டன். எங்கட ஊரில ரியூட்டரி எண்டு தகரக் கொட்டிலுக்குள்ள முந்நூறு பிள்ளையள் இருந்து ரியூசன் படிக்கிறவை. முன் வாங்கில இருக்கிறது ஆர் தெரியுமோ? மாவட்டத்தில முதலாவதா வாற பிள்ளை. ரியூசனுக்குப் போகாத பிள்ளையைத்தான் சனம் பாவம் எண்டு பாக்கும். நான் பத்தொன்பது பேரையும் கூப்பிட்டது அவை மொக்கு எண்டதால இல்லை. கெட்டிக்காரர் எண்டதாலதான்."

யாரோ பின்னால் சிரித்தார்கள். பேனாட் சிரிக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"என்ர மகளும் இவையின்ர வயசுதான்," என்று தொடர்ந்தாள். "மொன்றியலில ஐஞ்சு நாள் பள்ளிக்கூடம் போறா. ஆறாம் நாள் ரியூசனுக்கும் போறா. ஜூன் மாதம் அவவுக்கு முன்னால வைக்கிற அதே வினாத்தாளைத்தான் உங்கட பிள்ளைக்கு முன்னாலயும் வைப்பினம். நாலு நாள் படிச்ச பிள்ளைக்கு எண்டு தனி வினாத்தாள் அடிக்க மாட்டினம். உங்கட பிள்ளையளிட்ட இருந்து ஒரு நாளைப் பிடுங்கிப் போட்டினம். அதை நான் திருப்பிக் குடுக்கிறன் எண்டுதான் சொன்னனான்."

வேலை போயிற்று என்றே அவள் நினைத்தாள். றோஸ்மேரி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேனாட் கட்டின கையை அவிழ்த்தார்.

"எத்தினை மணிக்கு எண்டு எழுதினீங்கள்?"

"எட்டு."

இந்தத் தடவை ஜிம் முழுவதும் வாய்விட்டுச் சிரித்தது. பஸ் ஓடாத நாளில் எட்டு மணிக்கும் பிள்ளைகள் எல்லோரும் மாட்டோடு நிற்பார்கள் என்பது முப்பது பேருக்கும் தெரிந்திருந்தது, அவள் ஒருத்தியைத் தவிர.

"பத்தரை எண்டால் நோயெமி வருவா," என்றார் பேனாட். "வெள்ளிக்கிழமை இந்தக் கட்டடத்தில ஹீட்டர் இல்லை. பனிச்சறுக்குத் திடலில சப்பாத்து மாத்துற கொட்டில் இருக்கு. அந்தப் பூட்டின்ர திறப்பு என்னட்டத்தான்."

முதல் வெள்ளிக்கிழமை ஏழு பேர் வந்தார்கள். கொட்டிலில் நீள வாங்குகளும் ஒரு மின்சார ஹீட்டரும் இருந்தன. ஹொக்கிப் புள்ளி எழுதுகிற பலகை கரும்பலகையானது. ஈரக் காலுறை நாற்றத்துக்கு மட்டும் மருந்து கிடையாது. நோயெமி முன் வாங்கில் வந்து இருந்தாள். முதலாம் பிள்ளையே வருகிறாள் என்ற பிறகு மற்றப் பிள்ளைகளுக்கு என்ன வெட்கம்? மூன்றாவது கிழமை பதினான்கு. நத்தார்ப் பண்டிகைக்கு முன்னம் பத்தொன்பது. வாங்கு போதாமல் பேனாட் வைக்கோல் கட்டு நாலைக் கொண்டுவந்து போட்டார்.

தாட்சாயினி வெள்ளிக்கிழமை விரதக்காரி. முதல் நாள் ஒரு தாய் அன்போடு கொண்டுவந்து நீட்டிய சாண்ட்விச்சுக்குள் பன்றி இறைச்சி. அவள் பதறிப்போய்க் காரணத்தைச் சொல்ல, அடுத்த கிழமையிலிருந்து பேனாட் வீட்டுப் பாலில் செய்த வெண்ணிறச் சீஸ் கட்டி ஒரு பை தவறாமல் வந்தது. கோவிலுக்குப் போகிற நாளில் கொட்டிலில் நிற்கிறாளே என்று முதலில் முறுமுறுத்த அருளம்பலம், ஜனவரியில் பேக்கரி வேலை முடிந்து வந்ததும் வராததுமாய்க் காரைச் சுற்றிப் பனி அள்ளி, கண்ணாடி கழுவும் தண்ணீர் நிரப்பி வைக்கத் தொடங்கினான்.

"என்ன, விசருக்கு உதவி செய்யிறியளோ?" என்று கேட்டாள் ஒரு நாள்.

"என்ர மனுசி ஒரு ஊருக்கே ரியூசன் குடுக்கிறா எண்டு பேக்கரியில சொல்லிப் போட்டன். இனி நிப்பாட்டேலாது," என்றான்.

பெப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை பனிப்புயல். மொன்றியலை ஒட்டிய லவால் தாண்டியதும் நெடுஞ்சாலையை மூடிவிட்டார்கள். அவள் திரும்பி வந்து, வகுப்பு இல்லை என்று சொல்லக் கொட்டிலுக்குத் தொலைபேசி எடுத்தாள். நோயெமி எடுத்தாள். பின்னால் ஒரே இரைச்சல்.

"நாங்கள் தொடங்கிட்டம் மதாம். ஏழாவது கணக்கில நிக்கிறம். பேந்து எடுக்கிறன்," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

கையில் தொலைபேசியோடு தாட்சாயினி குசினியில் நின்றாள். தன்னுடைய வகுப்பு தான் இல்லாமலே நடக்கிறது என்றதில் நெஞ்சு நிமிர்ந்தது. பட்டம் வாங்கிய அன்றுகூட இப்படி நிமிர்ந்ததாக அவளுக்கு ஞாபகமில்லை.

ஜூனில் பரீட்சை நடந்தது. அதற்குப் பிறகு மூன்று கிழமை அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளைகள் பாடுபட்டார்கள், தானும் பாடுபட்டாள், எல்லாம் சரி. கையெழுத்தைத் தீர்மானிக்கப் போவது பாடு அல்லவே, பெறுபேறு. ஜூலை முதற் கிழமை றோஸ்மேரி கூப்பிட்டார். தொலைபேசியில் ஒன்றும் சொல்ல மாட்டேன், நேரில் வாருங்கள் என்றார். ஒன்றேகால் மணி நேரமும் வானொலியைப் போடாமல் கார் ஓடிப் போனாள்.

அதிபர் மேசையில் இரண்டு கடதாசிகள் இருந்தன. ஒன்று பெறுபேற்றுப் பட்டியல். மற்றது அவள் பெயர் போட்ட சிபாரிசுப் படிவம், அடியில் கையெழுத்துக் கோடு வெறுமையாக.

"பதினெட்டுப் பேர் சித்தியடைஞ்சிருக்கினம்," என்றார் றோஸ்மேரி. "எங்கட பாடசாலையில ஐஞ்சு நாள் நடந்த காலத்திலயும் இப்பிடி வந்ததில்லை."

தாட்சாயினிக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் வாயில் முதலில் வந்தது இதுதான்:

"அந்தப் பத்தொன்பதாவது ஆர்?"

சாந்தால் என்ற பிள்ளை. ஐம்பத்தாறு, தேறுவதற்கு வேண்டிய அறுபது நாலு புள்ளியால் போயிருந்தது.

"ஓகஸ்டில திரும்ப எழுதலாம்தானே. கொட்டில் சும்மாதான் இருக்கும். வாற கிழமையே தொடங்கிறன்."

"மதாம், இண்டைக்கே நீங்கள் இந்தப் பாடசாலையின்ர ஆளில்லை. உங்கட அனுமதி போன கிழமையோட முடிஞ்சுது," என்றார் றோஸ்மேரி. படிவத்தைக் கையால் தட்டினார். "இதைப் பற்றிக் கல்விச் சபையோட கதைக்கவேணும். ஒரு வருசப் பெறுபேறு தற்செயலா வரலாம், அடுத்த வருசமும் பாத்திட்டுப் போடுவம் எண்டு அங்க ஒரு கதை இருக்கு. உங்களை விசேட நீட்டிப்பில இன்னொருக்கால் தற்காலிகமா…"

வசனம் முடியவில்லை. கதவு தட்டாமலே திறந்தது. பேனாட். றப்பர் பூட்ஸ், கையில் மகளின் பெறுபேறு. அதிபரை அவர் கவனிக்கவே இல்லை. நேரே வந்து தாட்சாயினிக்கு முன்னால் கடதாசியை விரித்து, தடித்த விரலால் இலக்கத்தைத் தொட்டுக் காட்டினார். தொண்ணூற்றேழு.

தாட்சாயினி வாழ்த்துச் சொல்ல வாயெடுத்தாள்.

"மிச்ச மூண்டும் எங்க?" என்று கேட்டார் பேனாட்.

அவருடைய முகத்தில் சிரிப்பின் அடையாளமே இல்லை. நெற்றியைச் சுருக்கி, உண்மையான கவலையோடு, பதில் வரும்வரை நகரமாட்டேன் என்கிற மாதிரி நின்றார். அந்த முகத்தைக் கொக்குவிலில், நல்லூரில், கோத்-தெ-நேஜ் நிலவறை வாசலில், தன் சொந்த வீட்டுக் கண்ணாடியில் எல்லாம் தாட்சாயினி பார்த்திருக்கிறாள். அறுபது மாட்டுக்குச் சொந்தக்காரரான ஒரு வெள்ளைக்காரரில் பார்ப்போம் என்று கனவிலும் நினைத்ததில்லை. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

றோஸ்மேரி அவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, பேனாவைத் திறந்து, வெறுமையாய்க் கிடந்த கோட்டில் கையெழுத்தைப் போட்டுத் தாட்சாயினியிடம் நீட்டினார்.

"வருசா வருசம் இந்தக் கேள்விக்கு மறுமொழி சொல்ல எனக்கு ஏலாது," என்றார். "நீங்களே இருந்து சொல்லுங்கோ."